செல்விப் பொடி

அன்புச்செல்விக்குப் பாம்பென்றால் பயமில்லை. சூரமங்கலத்தில் டவுன் பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்குவதிலும் பயமில்லை. எண்ணிக்கை சமமில்லாத கூட்டங்களைக் கண்டால் மட்டும் உள்ளங்கை வியர்த்துவிடும். முதல் கூட்டத்தில் இருபது பேர், அடுத்ததில் பதினேழு, மூன்றாவதில் பதினொன்று என்று யாராவது தாளை நீட்டினால், முகம் சுளிப்பதற்குள் அவள் விரல் கூடுதல் வரிசைகளை அடித்துவிடப் பென்சிலைத் தேடிக் கொண்டிருக்கும்.

இந்தப் பயம் எம்.எஸ்ஸி. படித்த காலத்தில் பிடித்தது. மூன்று தொட்டிகளில் மீன் குஞ்சுகளை விட்டு, மூன்று வகை இரை போட்டு வளர்த்தாள். பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போன யாரோ ஒரு புண்ணியவான், மூன்றாவது தொட்டியின் காற்றுக் குழாய்க்குப் போகும் சுவிட்சையும் விளக்கோடு சேர்த்து அணைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து பார்த்தால் பாதிக் குஞ்சுகள் மிதந்தன. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், சாப்பாட்டு நேரம் நெருங்கும் எரிச்சலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம்மா, மூணு தொட்டியிலயும் எண்ணிக்கை சமமா இல்லையே, ஏன்?"

"செத்துப்போச்சுங்க சார்" என்று சொல்லியிருக்கலாம். அதுதான் முழு விடையும். அவள் வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அந்த ஒரு வாக்கியத்தை அன்றே சொல்லித் தொலைத்திருந்தால், பின்னால் வந்ததில் பாதி வந்திருக்காது.

படிப்பு முடிந்து அவள் சேர்ந்த இடம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. ஆராய்ச்சி மாணவர்கள் கொண்டுவந்து கொட்டும் எண்களைக் கணினியில் ஏற்றி அட்டவணையாக்கித் தருவது தொழில். நர்சிங் படிப்பவர்கள், கல்வியியல் படிப்பவர்கள், லாரி டிரைவர்களின் முதுகுவலியைப் பற்றி எம்.பி.ஏ. ஆய்வு செய்கிறவர்கள் என்று பலதரப்பட்டவர்களும் வருவார்கள். கேட்பது ஒன்றைத்தான்: "அனோவா போட்டுக் குடுங்க மேடம்."

அனோவா ஒன்றும் மந்திரமல்ல. சில கூட்டங்களின் சராசரிகள் வேறுவேறாக இருக்கின்றன. அந்த வேறுபாடு நிஜமா, இல்லை, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ஆளுக்கு ஆள் இருக்கிற ஏற்ற இறக்கத்தில் தற்செயலாக வந்ததா என்று நிறுத்துச் சொல்லும் தராசு அது. எல்லாக் கூட்டத்திலும் ஒரே எண்ணிக்கை இருந்தால்தான் நிறுப்பேன் என்று அந்தத் தராசு அடம்பிடிப்பதில்லை. கூடக்குறைய இருந்தால் அதற்கேற்பக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். அன்புச்செல்வி இதைப் புத்தகத்தில் படித்திருந்தாள். வருகிறவர்களுக்கு நன்றாக விளக்கவும் செய்வாள். விளக்கி முடித்ததும் பெரிய கூட்டத்தின் கடைசி வரிசைகளை அழித்து, எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாள். அறிவு ஒரு பக்கம் இருக்க, பயம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. கடைசி வரிசையில் இருந்த டிரைவர்களின் முதுகுவலி யாருக்கும் தெரியாமல் அப்படியே போயிற்று.

அவள் அப்பா சென்றாயனுக்கு நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் கோழிப்பண்ணை இருந்தது. இரண்டாயிரம் முட்டைக் கோழிகள். லட்சக்கணக்கில் கோழி வளர்க்கும் நாமக்கல் கணக்கில் அதைப் பண்ணை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். ஒரு சித்திரை வெயிலில் கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட ஆரம்பித்தன. முதலில் பத்து இருபது என்று செத்தன. சென்றாயன் சும்மா இருக்கவில்லை. மஞ்சளுக்கு மெருகு போடும்போது உதிர்கிற தூளோடு மூன்று இலைகளைக் காயவைத்து இடித்துச் சேர்த்துப் பொடியாக்கித் தீவனத்தில் கலந்து போட்டார். அதற்குப் பிறகு நூறு நூறாகச் செத்தன. வெயிலும் அந்த வாரம்தான் உச்சத்துக்கு ஏறியது.

வெயில் தணிந்தபோது மிஞ்சியது கிழக்குக் கோடியில், புளியமரத்தை ஒட்டியிருந்த கூண்டுகளில் முந்நூறு கோழிகள். அந்த முந்நூறும் ஆடி வரைக்கும் இட்ட முட்டை இருக்கிறதே, அப்படியொரு இடுகையைச் சென்றாயன் அதற்கு முன் கண்டதில்லை. முந்நூறு கோழியை வைத்துக்கொண்டு பண்ணை நடத்த முடியாது. தகரக் கூரை ஒருவருக்கும் கூண்டுகள் இன்னொருவருக்குமாகப் போயின. அவர் மஞ்சள் மண்டியில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். பண்ணை போன துக்கத்தை அவர் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஏனென்றால் அவர் கையில் பொடி மிஞ்சியிருந்தது.

"பொடி தின்ன கோழி பொழைச்சுதுங்க. பொழைச்சது எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுதுங்க" என்பார், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். செத்த கோழிகள் எதைத் தின்றன என்று யாரும் கேட்கவில்லை. செத்த கோழியைப் பற்றிப் பேச யாருக்கு ஆசை?

பொடிக்கு அவர் வைத்த பெயர் செல்விப் பொடி. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. மூன்று இலைகளில் இரண்டின் பெயரை எல்லோருக்கும் சொல்வார். மூன்றாவது எது என்று மனைவி பாவாயிக்கும் சொன்னதில்லை.

"அந்த எலைய மாட்டுக்குப் போட்டா மாடு மோந்து பாத்துட்டுத் தலையத் திருப்பிக்குது. எனக்கென்ன தெரியாதுன்னு நெனைப்பா?" என்பாள் பாவாயி.

"மாட்டுக்குத் தெரிஞ்சது உனக்குந் தெரிஞ்சிருக்குது. சந்தோசம்" என்பார் சென்றாயன்.

பல வருடம் மேல்மாடியில் பிறர் ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகு, அன்புச்செல்வி தானே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். வழிகாட்டி பேராசிரியர் குமரகுரு தலைப்பு கேட்டார். அப்பாவின் பொடியைச் சொன்னாள். சொன்ன நாளில் சென்றாயன் அவளை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போய், குரலைத் தாழ்த்தி மூன்றாவது இலையின் பெயரைச் சொன்னார். வேலியோரமெல்லாம் மண்டிக் கிடக்கிற செடிதான்.

"ஊருக்கே பொடி குடுக்கறேன் கண்ணு. வாங்கிக்கறானுக, பின்னால சிரிக்கறானுக. நீ அதைத் தாள்ல எழுதிட்டா ஒருத்தனும் சிரிக்க மாட்டான்" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஆய்வுக்கு இடம் ராசிபுரம் பக்கத்தில் தூரத்து உறவுக்காரர் ஒருவரின் பெரிய பண்ணை. ஷெட்டின் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். கூண்டுக்கு ஒரு கோழி. தொண்ணூறு கோழிகளுக்கு வெள்ளை வளையம், தீவனம் மட்டும். தொண்ணூறுக்கு நீல வளையம், பாதி அளவு பொடி. தொண்ணூறுக்கு மஞ்சள் வளையம், முழு அளவு. வெயில் ஒரு பக்கம் அதிகம் அடிக்கும், காற்று ஒரு பக்கம் நன்றாக வரும் என்பதால், எந்தக் கூண்டில் எந்த நிறம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்து மூன்று நிறத்தையும் ஷெட் முழுக்கக் கலந்து வைத்தாள். ஒவ்வொரு வளையத்திலும் ஓர் எண். இதுவரைக்கும் எந்தத் தேர்வாளரும் குறை சொல்ல முடியாது.

தினசரி தீவனம் போட்டு முட்டையைக் குறித்து வைக்கும் பொறுப்பு மாரக்காளுக்கு. பண்ணையிலேயே குடியிருப்பவள், எழுதப் படிக்கத் தெரிந்தவள், அன்புச்செல்வியைவிடப் பத்து வயது மூத்தவள். அன்புச்செல்வி ஞாயிற்றுக்கிழமைதோறும் சேலத்திலிருந்து வந்து முட்டைகளை நிறுத்துக்கொண்டு போவாள். முதல் நாளே மாரக்காளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"அக்கா, மூணு கலரும் கடைசி வரைக்கும் சமமா இருக்கோணும். ஒண்ணுகூடக் குறையக் கூடாது. குறைஞ்சா என்ற படிப்பே போச்சு."

"நீ போய்ட்டு வா அம்மணி. நானாச்சு" என்றாள் மாரக்காள்.

சொன்னபடியே ஆயிற்று. மாசி போய்ப் பங்குனி வந்தது, பங்குனி போய்ச் சித்திரை வந்தது. மற்ற ஷெட்டுகளில் கோழிகள் வெயிலில் சுருண்டு விழுந்தன. அன்புச்செல்வியின் கூண்டுகள் மட்டும் நிறைந்தே இருந்தன. வெள்ளை தொண்ணூறு, நீலம் தொண்ணூறு, மஞ்சள் தொண்ணூறு. மஞ்சள் வளையக் கோழிகளோ முட்டையாய் இட்டுத் தள்ளின. ஞாயிறு மாலை அப்பாவுக்குப் போன் செய்து எண்ணைச் சொல்லுவாள். மறுமுனையில் சென்றாயன் அதைக் காலண்டர் தாளில் குறித்துக்கொள்வார். மறுநாள் மண்டியில் மஞ்சள் இறக்க வருகிறவர்களெல்லாம் அந்த எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் மூட்டையை இறக்க முடியும். சுற்று வட்டாரத்தில் சின்னப் பண்ணைக்காரர்கள் பத்துப் பேர் பொடியை வாங்கி நிஜமாகவே தீவனத்தில் கலக்க ஆரம்பித்தார்கள். இனாம்தான்.

"ஊரே பொடி வாங்குது. பொண்ணு கோழிக் காலுக்கெல்லாம் வளையம் மாட்டிட்டுத் திரியறா. அவளுக்கொரு மாப்பிள்ளை பாக்கறதுக்கு மட்டும் இந்த ஊட்ல ஆளில்லை" என்றாள் பாவாயி.

"பட்டம் வரட்டும்டி. டாக்டர் பொண்ணுக்கு மாப்பிள்ளை தானா வருவான்."

"கோழி டாக்டருக்கா?"

வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் வளையம் நாற்பத்தேழாம் எண் கோழியின் முன்னால் அன்புச்செல்வி நின்றாள். அந்தக் கோழிக்கு இடது கால் நடுவிரல் கோணல். முதல் நாள் வளையம் மாட்டும்போது அது கையில் இடறியதை அவள் மறக்கவில்லை. இப்போது விரல் நேராக இருந்தது. அப்பா பார்த்திருந்தால் பொடியின் மகிமை என்றிருப்பார். அவள் கோழியைத் தூக்கி மற்ற காலைப் பார்த்தாள். அதுவும் நேர்தான்.

"அக்கா, இது நாப்பத்தேழுதானா?"

மாரக்காள் எட்டிப் பார்த்தாள். "வளையத்துல போட்டிருக்குதே அம்மணி."

"இதுக்கு வெரல் கோணலா இருந்துது."

"அதுங்களா. அது பங்குனியிலயே செத்துப்போச்சு. வளையத்தைக் கழட்டி இதுக்கு மாட்டி உட்டேன்."

சொல்லிவிட்டு மாரக்காள் அடுத்த கூண்டின் தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்க்கப் போனாள். அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மறைக்க வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்கிற பதற்றமும் இல்லை. மறைத்தால்தானே பதற. பண்ணையில் காலிக் கூண்டு என்று ஒன்று கிடையாது. கோழி செத்தால் குழியில் போட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இன்னொன்றைக் கொண்டுவந்து அடைப்பதுதான் வழக்கம். அதை யாரும் போய் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. ஷெட்டின் மறுகோடியில் புதிதாக முட்டைக்கு வந்த இளங்கோழிகள் ஏராளமாக இருந்தன.

"இன்னும் இப்படி மாத்தினீங்களாக்கா?"

"செத்ததெல்லாம் மாத்தினேன். நீதான் ஒண்ணுகூடக் குறையக் கூடாதுன்னயே. ஏஞ் சாமி, மொகம் ஏன் இப்படிப் போகுது? நல்ல கோழியாத்தான் பாத்துப் பாத்து எடுத்து வெச்சேன்."

"எந்தக் கலர்ல சாஸ்திங்கக்கா?"

"மஞ்ச வளையந்தான். எனக்கே சங்கடமா இருந்துது போ. ராசியில்லாத வளையமாட்ட இருக்குது, மாத்தச் சொல்லலாமான்னு நெனைச்சேன். நீ வருத்தப்படுவேன்னு உட்டுட்டேன்."

அன்புச்செல்வி தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். மாரக்காள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் நின்று முந்தானையால் விசிறினாள். தான் செய்த தப்பு என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை. அவளிடம் தப்பென்று சொல்லவும் அன்புச்செல்விக்கு வாய் வரவில்லை. ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று சொன்னவள் அன்புச்செல்விதானே.

எந்தக் கோழி எந்த வாரம் செத்தது என்று கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. இளங்கோழியின் முட்டை சிறுத்திருக்கும். அவள் ஞாயிறுதோறும் நிறுத்த எடைகளில், ஒரு எண்ணின் முட்டை எந்த வாரம் சட்டென்று எடை குறைந்ததோ அந்த வாரம் அந்தக் கூண்டுக்கு ஆள் மாறியிருந்தது. இத்தனை நாளும் அந்த இறக்கங்களை வெயிலின் தலையில் போட்டுவிட்டுக் கடந்து வந்திருந்தாள். புதிதாக வந்த கோழிகளையெல்லாம் நீக்கினாள். வெள்ளையில் எண்பத்தாறு நின்றது. நீலத்தில் எண்பத்து மூன்று. மஞ்சளில் அறுபத்தொன்று.

வாழ்நாள் முழுக்க எதைக் கண்டு ஓடினாளோ அது மூன்று எண்களாக எதிரே உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை வியர்த்தது. ஆனாலும் இந்த முறை பென்சிலைத் தேடவில்லை. இருந்தது இருந்தபடியே அனோவா போட்டாள்.

பொடி ஜெயித்தது.

மஞ்சள் வளையத்தில் பிழைத்திருந்த அறுபத்தொன்றும் தலைக்குப் பத்து நாளைக்கு ஒன்பது முட்டை இட்டிருந்தன. வெள்ளை எட்டு. எண்ணிக்கை சமமில்லாததைக் கணக்கு தன்பாட்டுக்குச் சரிசெய்துகொண்டது; வேறுபாடு தற்செயலல்ல என்று திட்டமாகச் சொன்னது. கோழி மாற்றிய குளறுபடியையும் களைந்தாயிற்று. அட்டவணையில் ஒரு பொய் இல்லை.

பேராசிரியர் குமரகுரு அட்டவணையைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அது அவர் மகிழ்ச்சியைக் காட்டும் விதம்.

"பிரமாதம். குரூப் சமமா இல்லாததுக்கெல்லாம் பயப்படாதீங்க. சாஃப்ட்வேர் பாத்துக்கும். இறந்தவை ஆய்விலிருந்து விலக்கப்பட்டனன்னு ஒரு வரி எழுதிடுங்க."

"சார், மஞ்சள்ல மூணுல ஒண்ணு செத்திருக்குங்க."

"சித்திரை வெயில் அம்மா."

"வெள்ளைக்கும் அதே வெயில்தானுங்களே சார்."

குமரகுரு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஓய்வு பெற அவருக்கு அதிக காலம் இல்லை. கடைசி மாணவி நல்ல முடிவோடு போனால் தேவலை என்ற எண்ணம் அவருக்கு இருந்ததில் தவறில்லை. "உங்க கேள்வி முட்டையைப் பத்தி. சாவைப் பத்தி இல்லை. கேட்ட கேள்விக்கு விடை வந்துடுச்சு. யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றார்.

அவள் யோசித்தாள். கூட்டங்கள் சமமில்லாமல் இருப்பது ஒரு குற்றமே அல்ல. சுவிட்சை அணைத்ததால் குறையலாம், கூண்டுக் கதவு திறந்து கிடந்ததால் குறையலாம். அப்படிக் குறைந்தால் தராசு நேர்மையாக நிறுக்கும். ஆனால் எந்தப் பொடியைச் சோதிக்கிறோமோ அந்தப் பொடியே கூட்டத்தைக் குறைத்திருந்தால்? பலவீனமானதையெல்லாம் அது முதலில் கொன்றுவிட்டு, தாங்கியதை மட்டும் தராசில் ஏற்றிவிட்டு, பார் எப்படி இடுகிறது என்று காட்டினால்? தராசுக்கு முன்னால் நிற்கிறவர்களைத்தான் நிறுக்கத் தெரியும். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்கத் தெரியாது.

பண்ணைக்காரர்களுக்கு இதற்கு இரண்டு கணக்கு உண்டு. இன்றைக்கு உயிரோடிருக்கும் கோழிகளால் முட்டையை வகுப்பது ஒன்று. முதல் நாள் கூண்டில் அடைத்த கோழிகளால் வகுப்பது இன்னொன்று. அவள் இரண்டாவதைப் போட்டாள். செத்த கோழிகளையும் அவற்றின் எண்ணோடு திரும்ப வரிசையில் உட்கார வைத்தாள், செத்த நாளிலிருந்து பூஜ்யம் முட்டை என்று. உட்கார வைத்ததும் கூட்டங்கள் சமமாகிவிட்டன. தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு. அவள் ஆசைப்பட்ட சமம், செத்தவையெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் கிடைத்தது. வெள்ளை எட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. மஞ்சள் ஏழுக்கு இறங்கியது. பொடி தோற்றது.

மேல்மாடி அறையில் அவள் மட்டும் இருந்தாள். கீழே பேக்கரியில் ரொட்டி வேகும் வாசம் வந்தது. சமமான தொண்ணூறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொரு கணக்கு கேட்காமலேயே மனசுக்குள் வந்து நின்றது. இரண்டாயிரம் கோழி, மிஞ்சியது முந்நூறு. அந்த இரண்டாயிரத்துக்கும் ஒரே தீவனம். அதில் பொடி.

இதை மட்டும் அப்பா யோசிக்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். ஆய்வாளர்கள் இப்படி வேண்டிக்கொள்வது முறையில்லை.

அவள் ஊருக்கு வந்து சொன்னதைச் சென்றாயன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். இரண்டு கணக்கையும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கூண்டில் அடைத்ததால் வகுத்துப் பார்த்தேன் என்று அவள் சொன்னதுமே அவர் தலை தாழ்ந்தது. "முட்டை ஏறினது நெசந்தானே கண்ணு?" என்றார்.

"நெசந்தானுங்கப்பா. மிஞ்சினது நல்லாத்தான் இடுது."

"மிஞ்சினது" என்றார் அவர். எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பொடி வாங்கியவர்கள் வீடெல்லாம் போய்த் திருப்பிக் கேட்டார். பாதிப் பேர் கொடுத்தார்கள். மீதிப் பேர் கொடுக்க மாட்டேன் என்றார்கள்.

"ஏனுங்க மாமா, இப்பத்தான முட்டை ஏறியிருக்குது, பொடியக் கேக்கறீங்க? வேற யாராச்சும் அதிகமாக் கேட்டுட்டாங்களா?"

"கோழி சாகுதுடா."

"கோழின்னா சாகத்தான் செய்யும். அதுக்குத்தான மாத்தி வெக்கறோம்."

பதினைந்து வருடம் அவர் சொன்னதை நம்பாமல் சிரித்த ஊர், அவரே வேண்டாம் என்று சொன்ன நாளில் நம்ப ஆரம்பித்திருந்தது. கெஞ்சியும் திட்டியும்தான் மீதியை வாங்கி வந்தார். எல்லாவற்றையும் குழி வெட்டிக் கொட்டி மூடினார். பாவாயி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது, ஒன்றையும் சொல்லவில்லை. வீட்டில் அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

வாய்மொழித் தேர்வு ஐப்பசியில் வந்தது. முனைவர் பட்டத் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். தேர்வுக்கு நிற்கிறவர் வீட்டாரே இனிப்பு காரம் வாங்கி வருவதும் எழுதப்படாத விதி. சென்றாயன் வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத வேட்டியுமாகச் சேலத்துக்கு வந்து, மைசூர்பாகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாவாயி வரவில்லை. மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்றாள்.

வெளித் தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி, முதல் அட்டவணையில் விரலை வைத்தார். அன்புச்செல்விக்குத் தெரியும் அவர் எங்கே வந்து நிற்பார் என்று.

"மூணு குழுவும் சமமா இல்லையே. ஏன்?"

"செத்துப்போச்சுங்க சார்" என்றாள் அவள். பிறகு இரண்டாவது அட்டவணையைக் காட்டி, எதனால் செத்தது, செத்ததைக் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகிறது, கோழி மாற்றப்பட்டதற்குத் தான் எப்படிப் பொறுப்பு என்றெல்லாம் சொன்னாள். இத்தனை வருடமும் இவ்வளவு லேசான கேள்விக்கா பயந்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. தேர்வாளர் தலையாட்டினார். குமரகுரு கண்ணாடியைக் கழற்றினார்.

கடைசியில் சடங்குக்காகக் குமரகுரு அவையைப் பார்த்து, "பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம்" என்றார். இந்த இடத்தில் எப்போதும் யாரும் கேட்பதில்லை. எல்லோர் கண்ணும் இனிப்பு டப்பாவின் மேல் இருக்கும்.

கடைசி வரிசையில் சென்றாயன் எழுந்து நின்றார். டப்பாவை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க, கேளுங்க."

"என்ற பண்ணையில முன்னால ரெண்டாயிரம் கோழி வெச்சிருந்தனுங்க. ஒரு வெயில்ல போச்சு. அதுக்கும் இந்தப் பொடியத்தான் போட்டேன்." அவர் தேர்வாளரைப் பார்த்துத்தான் பேசினார், மகளைப் பார்க்கவில்லை. "அது வெயில்ல செத்துதா, பொடியில செத்துதான்னு இந்தக் கணக்குல சொல்ல முடியுங்களா?"

எல்லோரும் அன்புச்செல்வியைப் பார்த்தார்கள். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்ல முடியாதுங்க" என்றாள். அவையில் கேட்பவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். "பொடி போடாத இன்னொரு கூட்டம் அதே ஷெட்டுல இருந்திருந்தாத்தான் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். அங்க எல்லாத்துக்கும் ஒரே தீவனம். அதனால எதுன்னு பிரிக்க முடியாதுங்க."

"அருமையான பதில்" என்றார் தேர்வாளர். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றவங்களுக்குத்தான் நாங்க பட்டம் குடுக்கணும்." எல்லோரும் கைதட்டினார்கள். சென்றாயன் கைதட்டவில்லை, இரண்டு கையிலும் டப்பா இருந்தது. அப்புறம் அவர் ஒவ்வொருவராகப் போய் நீட்டி, "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க, என்ற பொண்ணு" என்றார்.

ராசிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு விட்டுக்கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். மல்லூர் தாண்டும் வரை காலி டப்பாவின் ரப்பர் பேண்டை விரலில் சுற்றிச் சுற்றிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் ஒரே தீவனமில்லை கண்ணு" என்றார்.

அவள் திரும்பினாள்.

"பொடி பத்தலை. கெழக்குக் கோடிக்கு வாரதுக்குள்ள தீந்து போயிரும். அதுகளுக்கு வெறுந் தீவனந்தான். மத்ததெல்லாம் போன பொறவுதான் பொடி மிஞ்சுச்சு, அதுகளுக்கும் போட்டேன்." ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்தார். "மிஞ்சினது அந்த முந்நூறுதான்."

ஒப்பிட ஒரு கூட்டம் இருந்திருக்கிறது. ஒரு பக்கம் ஆயிரத்து எழுநூறு, மறு பக்கம் முந்நூறு. கூட்டங்கள் சமமில்லை என்பது அந்தத் தராசுக்கு ஒரு பொருட்டே அல்ல என்று அன்புச்செல்விக்கு அந்த மாவட்டத்தில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் கணினிகூட வேண்டாம்.

"கெழக்குக் கோடியில புளியமரம் இருந்துதுங்களேப்பா" என்றாள்.

"இருந்துது."

"அங்க நெழல். மத்த பக்கம் தகரம் காயும். நெழல்ல இருந்தது பொழைச்சிருக்கும். நெழலா பொடியான்னு பிரிக்க முடியாதுங்கப்பா."

அதுவும் உண்மைதான். எந்தத் தேர்வாளரும் மறுத்திருக்க முடியாது. சென்றாயன் அவள் முகத்தைப் பார்த்தார். கோழியின் கண்ணைப் பார்த்தே சீக்கைச் சொல்லிவிடுவார் என்று ஒரு காலத்தில் அவருக்குப் பேர் இருந்தது.

"ஆமா" என்றார். "நல்ல நெழல் அது."

ரப்பர் பேண்டை டப்பாவில் மாட்டி, அதை மகள் மடியில் வைத்துவிட்டு, கண்டக்டர் வருவதைப் பார்த்துச் சட்டைப் பையில் கையை விட்டார்.